திரைப்படச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மழையால் ஒரு மாதம் தள்ளிப்போனது தவிர, மாதாந்திரத் திரையிடல்கள் தடையில்லாமல் நடந்தன. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். அந்த நேரம் பார்த்து யாரும் டீ குடிக்க எழுந்து போக வேண்டாம்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது, கார்ட்டூன் தொடர்களுக்குக் குரல் கொடுக்கும் ஜப்பானிய நடிகை மசாகோ நொசாவா பற்றிய கூட்டம்தான். "கார்ட்டூன் போடவா சங்கம் வைத்தோம்?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்றோம்.

நொசாவா 1936இல் டோக்கியோவில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து வந்தவர். ஜப்பானில் தொலைக்காட்சி புதிதாக வந்த காலத்தில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு டப்பிங் நேரலையில் நடந்திருக்கிறது. படம் ஓட ஓட மைக் முன்னால் நின்று பேச வேண்டும். நாக்கு புரண்டால் புரண்டதுதான், இன்னொரு டேக் கிடையாது. அந்த நெருக்கடியில் நிஜச் சிறுவர்களை நிறுத்த முடியாமல், சிறுவன் பாத்திரங்களுக்குப் பெண்களைப் பேசவைத்தார்கள். நொசாவா அப்படித்தான் சிறுவன் குரலுக்கு வந்தார். நிஜப் பையனுக்குச் சில வருடங்களில் குரல் உடைந்துவிடும். இவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் பேசிய சிறுவர்கள்: 1968இல் கிதாரோ தொடரின் பேய்ச் சிறுவன் கிதாரோ, 1978இல் கேலக்சி எக்ஸ்பிரஸ் 999 தொடரின் தெத்சுரோ, 1986இல் டிராகன் பால் தொடரின் கோகு. கிதாரோ 2018இல் புதிதாக எடுக்கப்பட்டபோது அவனுடைய அப்பாவுக்குக் குரல் கொடுத்தவரும் இவரே! நாம் கூட்டம் நடத்திய இந்த ஆண்டில்கூட, 88 வயதில், புதிய டிராகன் பால் தொடரில் குட்டி கோகுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் 1994இல் வந்த டிராகன் பால் படம் ஒன்றின் கடைசிச் சண்டையைப் போட்டோம். வளர்ந்து தகப்பனாகிவிட்ட கோகு, மூத்த மகன் கோஹான், சின்னவன் கோதென் மூவரும் சேர்ந்து கத்திக்கொண்டே எதிரியைத் தாக்குகிறார்கள். ஓடி முடிந்த பிறகுதான் மூன்று குரலும் ஒருவருடையது என்று சொன்னோம். திரும்பப் போடச் சொன்னது, முதலில் ஆட்சேபித்த அதே மூத்தவர்கள். தகப்பன் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது, சின்னவன் குரல் தொண்டை நுனியிலேயே நிற்கிறது. இதை நடிப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பதிவறைப் பழக்கமும் பேச்சில் வந்தது. ஜப்பானில் நடிகர்கள் ஒரே அறையில் கூடி, ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கிற சில மைக்குகளுக்கு முறைவைத்து வந்து பேசுகிறார்கள். பக்கம் திருப்பும் சத்தம்கூடப் பதிவாகக் கூடாது. நம் டப்பிங் தியேட்டரில் இப்போது பெரும்பாலும் ஒருவர் தனியாக வந்து தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போகிறார். 1973இல் ஜப்பானியக் குரல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து, சம்பளத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கிக்கொண்ட கதையைச் சொன்னபோது, போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் கைதட்டியது வாசல்வரை கேட்டது.

நொசாவாவுக்கு 2023இல், ஜப்பானில் இலக்கிய, பண்பாட்டுச் சாதனைக்குத் தரப்படும் கிகுச்சி கான் பரிசு கிடைத்தது. நம் தமிழக அரசு திரைப்பட விருதுகளிலும் பின்னணிக் குரலுக்குத் தனிப் பிரிவு உண்டு. தேசிய விருதுகளில் இல்லை. சரிதா, தீபா வெங்கட் போன்றவர்களின் குரலை எத்தனையோ கதாநாயகிகளின் முகத்தோடு சேர்த்துக் கேட்டுவிட்டோம். ஆனால் நம் திரையிடல் அறிமுகத்தில் இதுவரை இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் பெயரோடு நிறுத்திக்கொண்டோம். இனிமேல் டப்பிங் பேசியவர் பெயரையும் சொல்வது என்று செயற்குழு முடிவெடுத்தது. பழைய படங்கள் பலவற்றின் டைட்டிலில் அந்தப் பெயரே இருக்காது என்பது சிக்கல்தான். தேடித் தருகிற வேலையை இளைஞர்கள் இரண்டு பேர் ஏற்றிருக்கிறார்கள்.

அப்புறம், ஸ்பீக்கர். குரலைப் பற்றிய கூட்டத்திலேயே இடதுபக்க ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. புதிது வாங்க விலைப்புள்ளி வாங்கியிருக்கிறோம். தொகையைப் பொருளாளர் சொல்வார். அதற்கான அனுமதியோடு இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்