ஐ.ஆர். கருவியும் உன் ஸ்லைடுகளும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கண் டாக்டரிடம் போய் வந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்தே இருந்தால் கண்ணும் கழுத்தும் என்னத்துக்கு ஆகும்? புதுக் கண்ணாடி பழகிவிட்டதா? இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மழை வந்தால் முட்டி வலி கூடுகிறது. சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினால் புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று தெரிந்துவிடுமாமே, உன் கல்லூரியில்தான் அந்தக் கருவி இருக்கிறதே, உண்மையா என்று கேட்டிருந்தாய். ஒரு வாரமாக அதைப் பற்றித்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். எனக்குத் தெரிந்த ஐ.ஆர். (அகச்சிவப்பு) இவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

எங்கள் வேதியியல் லேபில் பிள்ளைகள் ஒரு சேர்மத்தைத் தயாரித்ததும், எந்த அலையெண்ணில் எவ்வளவு கதிர் உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலையில் 1700 செ.மீ⁻¹-க்குப் பக்கத்தில் கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பீக், அதாவது முகடு, வந்திருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். நாமும் அப்படித்தானே பார்த்தோம். செல்லை வைத்தாலும் அதே கதைதான். புரதம் 1650, 1550-ல் தெரியும். கொழுப்பு 2850, 2920-ல். டி.என்.ஏ.வின் பாஸ்பேட் 1080, 1240-ல். செல் சேமித்து வைக்கிற சர்க்கரையான கிளைக்கோஜன் 1025-ஐச் சுற்றியும் 1150-லும். சாயம் எதுவும் தேவையில்லை. செல்லுக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிணைப்புகளின் அதிர்வே சொல்லிவிடும்.

செல்லைப் பார்த்து நோய் கண்டறிகிற உன் துறையிலேயே ஆரம்பித்திருக்கிறார்கள். கனடாவின் பேட்ரிக் வோங், நியூயார்க்கின் பேசில் ரிகாஸ் ஆகியோர் சேர்ந்து 1991-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருப்பை வாயிலிருந்து உதிர்ந்த செல்கள், அதாவது நீ தினமும் பார்க்கிற அதே செல்கள். நல்ல செல்களில் கிளைக்கோஜன் பீக்குகள் உயரமாக இருந்தன, புற்றுநோய் செல்களில் அவை விழுந்துவிட்டன. இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. வியன்னாவின் ஷில்லர் கண்டுபிடித்த அயோடின் சோதனையை நீதானே எனக்குச் சொன்னாய்? கிளைக்கோஜன் உள்ள இடம் பழுப்பாக மாறும், இல்லாத இடம் நிறம் பிடிக்காது, அங்கேதான் சந்தேகப்பட வேண்டும் என்று. ஐ.ஆர். கருவி கண்டதும் அதே கிளைக்கோஜன் குறைவுதான்.

அப்புறம்தான் எனக்குள் ஒரு கேள்வி கிளம்பியது. பதில் உன்னிடம்தான் இருக்கிறது. கிளைக்கோஜன் குறைந்தால் புற்றுநோய்தானா? மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குக் கருப்பை வாயை மூடியிருக்கும் தோலே மெலிந்து, மேலடுக்குச் செல்கள் முதிராமல் போய்விடும், கிளைக்கோஜனும் அவ்வளவாக இருக்காது என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அதனால்தான் வயதானவர்களிடம் அயோடின் சோதனையை நம்ப முடியாது என்றும். இளம் பெண்ணிடமும் மாதவிலக்குச் சுழற்சியின் முற்பாதியில் எடுத்த ஸ்மியர் (ஸ்லைடில் பரப்பிய செல் மாதிரி) வேறு, பிற்பாதியில் எடுத்தது வேறு. போதாததற்கு, அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களே கிளைக்கோஜனைத் தின்றுவிடுகின்றன. இந்த வேறுபாடுகள் எல்லாவற்றையும் கருவி பார்க்கும். ஆனால் எது வயதால் வந்தது, எது நோயால் வந்தது என்று அதற்குத் தெரியாது. ஸ்மியரில் கலந்த லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு), ரத்தம், சளி என எல்லாமே அதே நிறமாலையில் வந்து விழும். சளியிலும் சர்க்கரை இருப்பதால், கிளைக்கோஜன் நிற்கிற பகுதியிலேயே அதன் பீக்கும் வந்து நிற்கும். தொண்ணூறுகளில் எழுந்த உற்சாகம் பின்னால் அடங்கியதற்கு இது பெரிய காரணம்.

புற்றுநோய் செல் எப்படி இருக்கும் என்று எல்லாரும் தேடுகிறார்கள். எனக்கென்னவோ, நல்ல செல் எப்படி இருக்கும் என்பதுதான் இதைவிடக் கடினமான கேள்வி என்று படுகிறது.

இன்னொரு விஷயம். இது முழுக்க என் பக்கத்துச் சங்கதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கே.பி.ஆர். பெல்லெட் (பொட்டாசியம் புரோமைடு உப்போடு மாதிரியைக் கலந்து அழுத்திய வில்லை) போடும்போது மாதிரியை நன்றாக அரைக்கச் சொல்லிப் பிள்ளைகளின் உயிரை எடுப்பேன். துகள் 2.5 மைக்ரானைவிட (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)ச் சின்னதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் சிதறி, பேஸ்லைன் (அடிக்கோடு) சரிந்து, பீக் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இப்போது பார், 1650 என்பதை அலைநீளமாக மாற்றினால் சுமார் 6 மைக்ரான். உன் இன்டர்மீடியட் செல்லின் (நடு அடுக்குச் செல்லின்) உட்கரு ஏறத்தாழ 7 மைக்ரான். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் சிதறாமல் என்ன செய்யும்? செல்லை உரலில் போட்டு அரைக்கவா முடியும்? தனிச் செல்லை எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரத பீக் கீழே நகர்ந்து தெரிந்தது. புரதமே உருமாறிவிட்டது போல. உண்மையில் அதில் பெரும் பங்கு சிதறலின் வேலை. 2009, 2010 வாக்கில் மான்செஸ்டரில் பீட்டர் கார்ட்னர் குழுவினர் இதைக் கணக்குப் போட்டுக் கழிக்க வழி கண்டார்கள். என் லேபில் தினமும் பார்க்கிற கோளாறு அங்கே போய் நோயின் அடையாளமாக வேஷம் போட்டிருக்கிறது என்று படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அலமாரியில் இருக்கிற பழைய ஸ்லைடுகளை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தாய். சாதாரணக் கண்ணாடி 2000-க்குக் கீழே சுவர் மாதிரி மறைத்துவிடும், கொழுப்பு பீக்கைத் தவிர நமக்கு வேண்டியதெல்லாம் அதற்குக் கீழேதான். கால்சியம் ஃபுளூரைடு தகட்டில் புதிதாகப் பரப்ப வேண்டும். விலை ஜாஸ்தி. தண்ணீரும் 1640-ல் உறிஞ்சிப் புரதத்தை மறைக்கும் என்பதால் பெரும்பாலும் செல்லை உலர்த்தித்தான் வைக்கிறார்கள். சிதறுகிற ஒளியை அளக்கும் ராமன் நிறமாலையில் தண்ணீரின் தொல்லை மிகக் குறைவு. நாம் படித்த திருச்சியில் பிறந்தவர் கண்டுபிடித்தது இங்கேயும் கைகொடுக்கிறது.

திசுவில்தான் வேலை நன்றாக முன்னேறியிருக்கிறது. ரோஹித் பார்கவாவும் உடன் உழைத்தவர்களும் 2005-ல் புராஸ்டேட் திசுவைப் புள்ளி புள்ளியாக அளந்தார்கள். இந்தப் புள்ளி எபிதீலியமா (உறுப்பின் பரப்பை மூடும் செல் அடுக்கா), அதைத் தாங்குகிற திசுவா, வேறு வகையா என்பதை முதலில் பிரித்தார்கள். எபிதீலியம் என்று தெரிந்த இடங்களில் மட்டும், இது புற்றுநோயா என்ற அடுத்த கேள்வி. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீயும் மைக்ராஸ்கோப்பில் அப்படித்தானே பார்க்கிறாய், இது என்ன செல் என்று தெரிந்த பிறகுதானே அது கெட்டதா என்று பார்க்கிறாய்?

யாராவது உன்னிடம் ஆயிரக்கணக்கான நிறமாலைகளை வைத்துக் கணினிக்குப் பழக்கினோம் என்று சொன்னால், எத்தனை பெண்கள் என்று கேள். ஒரு பெண்ணிடம் எடுத்த பத்தாயிரம் நிறமாலையும் ஒரு பெண்தான். பழக்கியபோது இருந்த அதே பெண்ணின் செல்களைச் சோதனையிலும் வைத்தால், கணினி நோயை விட்டுவிட்டு ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம், இது கெட்ட செல் என்று அதற்கு முதலில் பாடம் சொல்வது உன்னைப் போன்றவர்களின் கண்தான். கருவி வந்தால் என் வேலை போய்விடுமா என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. எனக்குத் தெரிந்தவரை, உன்னை விட்டுவிட்டு அதனால் ஓர் அடி நகர முடியாது.

ஒரு உதவி வேண்டும். ஸ்மியரோடு வருகிற படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதிக்கு ஒரு கட்டம் உண்டு, பாதிப் பேர் அதைக் காலியாகவே விட்டு அனுப்புகிறார்கள் என்று முன்பு கோபமாக எழுதியிருந்தாய். அது காலியாக இருந்தால் ஸ்மியரைப் படிக்க உனக்கு எந்தெந்த இடத்தில் தடுமாறும்? விவரமாக எழுது. என் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இதை வைத்து ஒரு வகுப்பு எடுக்கப் போகிறேன்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய், மறந்துவிடாதே. அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

என்றும் உன்,
லேப் பெஞ்சில் பக்கத்தில் நின்றவள்