செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

மருத்துவர் தினம், செவிலியர் தினம், ஆசிரியர் தினம் மூன்றும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. இரத்ததான முகாம் நடந்தது. செயற்குழு பலமுறை கோரம், அதாவது போதிய உறுப்பினர் வருகை, இல்லாமல் கலைந்தது.

இந்த ஆண்டின் உருப்படியான வேலை, மருத்துவர்களுக்கும் மருத்துவ, செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பயன்படும் இணையதளங்களின் கையேடு. “கூகுளில் தட்டினால் வராதா?” என்று செயற்குழுவில் கேட்டார்கள். வரும், லேகியம் விற்பவரின் விளம்பரமும் சேர்ந்தே வரும்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தெரியாதவர் நம்மில் இல்லை. ஆனால் சுருக்கத்தைப் படித்துவிட்டு, முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறான் என்று மூடிவிடுகிறோம். ஓரத்தில் இலவச முழுக் கட்டுரை என்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். 2000-இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரலில் லட்சக்கணக்கான கட்டுரைகள் காசில்லாமல் கிடக்கின்றன. மருந்து கம்பெனிப் பிரதிநிதி, “இந்தியாவிலேயே ட்ரயல் முடிஞ்சது சார்” என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். 2009 ஜூன் முதல் அங்கே பதிவு கட்டாயம்.

கையேட்டுக்காக ஒரு செய்முறை விளக்கமும் வைத்தோம். பாலூட்டும் தாய்மார் சாப்பிடும் மருந்துகளைப் பற்றிச் சொல்லும் லாக்ட்மெட் தளத்தில், செவிலியர் பயிற்றுநர் ஒருவர் ஒரு வலிப்பு மருந்தின் பெயரைத் தட்டினார். தாய்ப்பாலில் எவ்வளவு கலக்கிறது, குழந்தைக்கு என்ன ஆகும், பால் சுரப்பு குறையுமா, மாற்று மருந்து எது என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்தது. “இதைப் பார்க்காமல்தான் பாலை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள்” என்றார் அந்த அம்மா. விளக்கத்தைக் கேட்க ஆள்தான் இல்லை. அதே மண்டபத்தில் குடும்ப விழாவன்று நாற்காலி போதாமல் வெளியே வாங்கிப் போட்டோம். கையேடு வந்த வாரமே, “பால் கொடுக்கும் தாய்க்கு இந்த மாத்திரை தரலாமா?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்கிறார், பதிலுக்கு ஐந்து கும்பிடு.

சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகத்தை நாட்டில் எல்லோரும் இலவசமாகப் படிக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2007-இல் தேசியச் சந்தா கட்டியது. அதன் எளிய சுருக்கங்கள் தமிழிலும் உண்டு. நாட்டுக்கே ஒருவர் சந்தா கட்டலாம்; நம் சங்கத்துக்கு அப்படி யாரும் கட்டப்போவதில்லை. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. கையேட்டின் அச்சுச் செலவில் ஒரு பகுதி நன்கொடையாக வந்தது. மீதி அச்சகத்துக்குத் தர வேண்டியிருக்கிறது. விவரம் பொருளாளரிடம். மண்டபம் தந்தவருக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் கொடுத்த தம்பிக்கும் நன்றி.

இணையதள முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். லாக்ட்மெட்டே பழைய இடத்தில் இல்லை. அடுத்த ஆண்டு திருத்திய பதிப்பு வேண்டும். அதை யார் செய்வது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். எனக்கு இந்தப் பதவியில் பெரிய பிடிப்பு ஒன்றும் இல்லை. வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே தந்துவிடுகிறேன். அப்புறம், பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்