பேராசிரியர் பற்றிய அஞ்சலிக் குறிப்பில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அஞ்சலிப் பக்கத்தில் எங்கள் பேராசிரியரின் மறைவு குறித்து ஆறு வரிகள் வெளியாகியிருந்தன. அவருக்கு இடம் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்த ஆறு வரிகளுள் ஒன்று என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. "கணக்கு வாத்தியாராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற இவர், குறிப்பிடத்தக்க பதவி எதையும் வகிக்காமல் அமைதியாக வாழ்ந்து மறைந்தார்" என்பதே அந்த வரி.

அவர் கணக்கு வாத்தியார் அல்லர். 32 ஆண்டுகள் கணக்குப்பதிவியல் கற்பித்த பேராசிரியர். இரண்டும் ஒன்றுதானே என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கருதியிருக்கலாம். இரண்டுக்கும் உறவு உண்டுதான். ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இருபுறமும் பதியும் இரட்டைப்பதிவு முறையை அச்சில் விரிவாக விளக்கிய லூகா பச்சோலி கணித அறிஞர் என்பதும், 1494இல் வெனிஸ் நகரில் வெளியான அவருடைய கணித நூலின் ஒரு பகுதியாகவே அந்த விளக்கம் வந்தது என்பதும் தாங்கள் அறிந்தவையே. ஆயினும் பச்சோலி அம்முறையைக் கண்டுபிடித்தவர் அல்லர், வணிகர்கள் அதற்கு முன்பே கையாண்டு வந்ததை எழுதி வைத்தவர் என்று முதல் வகுப்பிலேயே எங்களுக்குத் திருத்திச் சொன்னவர் எங்கள் பேராசிரியர். எவருக்கு எவ்வளவு பெருமை உரியதோ அவ்வளவை மட்டுமே அவர் பெயரில் எழுத வேண்டும் என்பதில் அத்தனை கவனமாக இருந்தவருக்கு, அவர் கற்பித்த பாடத்தின் பெயரே தவறாக அச்சாகியிருக்கிறது.

பற்று என்றால் செலவு, வரவு என்றால் வருமானம் என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் அவர் வகுப்புக்குள் நுழைந்தோம். ரொக்கம் வந்தால் நம் ஏட்டில் பற்று வைக்கிறோம், அதே ரொக்கத்தை வங்கியில் செலுத்தினால் வங்கி அறிக்கையில் மட்டும் ஏன் வரவு என்று வருகிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அது உன் ஏடு இல்லையப்பா, வங்கியின் ஏடு. அதில் நீ கொடுத்தவன், அவர்கள் உனக்குக் கடன்பட்டவர்கள்" என்றார். ஒரே தொகை இருவர் ஏடுகளில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. பின்னாளில் தணிக்கைத் தொழிலில் நான் சம்பாதித்த அனைத்தும் அந்த நிமிடத்திலிருந்து தொடங்கியவை.

இரண்டாம் ஆண்டுத் தேர்வொன்றில் பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று சரிபார்க்கும் என் இருப்பாய்வு 360 வேறுபட்டது. நேரமாகிவிட்டதே என்று அந்தத் தொகையை, காரணம் தெரியாத வேறுபாட்டைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுச் சமன்செய்து கொடுத்துவிட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தக் கணக்கின் ஓரத்தில் பென்சிலால் "தேடினாயா?" என்று மட்டும் எழுதியிருந்தார். மறுநாள் என்னை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, வேறுபாட்டை முதலில் பாதியாக்கிப் பார்க்க வேண்டும், அந்தப் பாதித் தொகை எங்கேனும் பக்கம் மாறி ஏறியிருக்கலாம், இல்லையென்றால் ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும், மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு என்று காட்டினார். 1,260 என்பதை நான் 1,620 என்று எடுத்தெழுதியிருந்தேன்.

பதவி குறித்தும் எழுதியாக வேண்டும். துறைத்தலைவர் பொறுப்பு அவரை இருமுறை தேடி வந்தது. முதல் முறை, அவருடைய துணைவியார் அறுவை சிகிச்சை முடிந்து பல மாதங்கள் படுக்கையில் இருந்தார். மூன்று குழந்தைகளும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு வீட்டில் இருக்க முடியாத பொறுப்பு எதுவும் தமக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் முறையும் அதே பதில்தான். வகிக்காமல் வாழ்ந்தார் என்பதற்கும் வேண்டாமென்று மறுத்தார் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தங்களைப் போன்ற மூத்த பத்திரிகையாளருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தங்கள் இதழோடு எனக்கு இது முதல் வருத்தம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நல்லாசிரியர்களைப் பற்றி நீண்ட தொடர் வெளியிட்டீர்கள். மொழி, அறிவியல், கணிதம் என்று எல்லாப் பாடங்களுக்கும் இடமிருந்தது. வணிகவியல் ஆசிரியர் ஒருவர்கூட வரவில்லை. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அதற்கும் முன்பு, ஒரு நிறுவனத்தின் விற்றுமுதலை, அதாவது மொத்த விற்பனைத் தொகையை, தங்கள் இதழ் இலாபம் என்று எழுதியது. அதன் காப்புநிதியைப் பெட்டியில் பூட்டிவைத்த ரொக்கம் போல விவரித்தது. காப்புநிதி என்பது நிறுவனத்துக்குள்ளேயே தங்கிய இலாபம், அது கட்டடமாகவோ சரக்காகவோ உருமாறிக் கிடக்கலாம் என்று பேராசிரியர் தம் கைப்பட இரண்டு பக்கத்தில் விளக்கி அனுப்பினார். அதன் நகலை அவருடைய கோப்பில் நானே பார்த்தேன். அதுவும் வெளியாகவில்லை. ஓய்வுக்குப் பிறகும் தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் கட்டணமின்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரின் விளக்கத்துக்கு இரண்டு பத்தி இடம் கிடைத்திருக்கலாம்.

இவற்றையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். "மனைவியும் இரு மகன்களும் உள்ளனர்" என்று குறிப்பு முடிகிறது. அவருக்கு ஒரு மகளும் உண்டு. சிறுமியாகத் தந்தையின் மேசையின் மறுமுனையில் அமர்ந்து, எங்கள் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவர். தந்தையின் கண்பார்வை மங்கிய கடைசி ஏழு ஆண்டுகளில் தினமும் அவருக்கு வாசித்துக் காட்டியவர். அவர் வாசித்துக் காட்டியவற்றுள் தங்கள் இதழும் ஒன்று. ஒரு நடவடிக்கையை ஏட்டில் அறவே பதியாமல் விட்டுவிட்டால் இருபுறமும் சமமாகவே நிற்கும், இருப்பாய்வு அதைக் காட்டிக்கொடுக்காது, அதனால்தான் விடுபாட்டுப் பிழைக்கு நான் மிகவும் அஞ்சுகிறேன் என்று பேராசிரியர் சொல்வார். அந்தக் குறிப்பை மேலோட்டமாக வாசிக்கும் எவருக்கும் அதில் குறையிருப்பதாகத் தோன்றாது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அவர் கணக்குப்பதிவியல் பேராசிரியர் என்றும், அவருக்கு இரு மகன்களோடு ஒரு மகளும் உண்டு என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதெனில் இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம். திருத்தம் மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
அவருடைய மாணவனும் தங்கள் நெடுநாள் வாசகனுமான ஒருவன்