எச்சரிக்கை லயத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் அக்கா ஒருவர், சேமலாப நிதியாகக் கிடைத்த காசை, நாணய வர்த்தகம், அதாவது வெளிநாட்டுக் காசை வாங்கி விற்று இலாபம் பார்ப்பது, என்று வந்தவரிடம் கொடுத்தார். போனில் இலாபம் ஏறிக்கொண்டே இருந்தது. எடுக்கப் போனால், முதலில் வரி கட்டச் சொன்னார்கள். அப்புறம் அழைப்பையே எடுக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல், சிறு முதலீட்டாளர் தரகரிடம் கடன்பட்டாலும், தன் காசைப்போல் 30 மடங்குக்கு மேல் நாணய வர்த்தகத்தில் இறங்க முடியாது. எத்தனை வீதமானோர் நட்டப்படுகிறார்கள் என்பதையும் தரகர் சொல்லியாக வேண்டும். பிரித்தானியாவில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பதிவேட்டை யாரும் பார்க்கலாம்.

இங்கு இலங்கையிலும் மத்திய வங்கி இப்படியான மோசடிகள் பற்றி எச்சரிக்கைகள் வெளியிடுகிறது, சரி. அவற்றைத் தமிழில் அச்சிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கோயில் வாசலிலும் ஒட்டுங்கள். சம்பள நாளுக்கு முன்பே ஒட்டுங்கள்.

தோட்டத்து வாசகர்,
ஹட்டன்