புள்ளி வைத்த சத்தம்

அன்புள்ள மாலா,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து நாலு நாள் ஆகிறது, மூன்று தடவை கேட்டுவிட்டேன். பதிலைப் பேசி அனுப்பலாம் என்று பார்த்தால் பாதியில் குக்கர் விசில் அடிக்கிறது, இல்லாவிட்டால் கவின் வந்து மடியில் ஏறுகிறான். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு பழையபடி உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலையா? பிசியோதெரபிக்குப் போகிறார்களா, பாதியில் விட்டுவிட்டார்களா? இங்கே கோவையில் ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் மழை, துணி காய்வதில்லை, மற்றபடி எல்லோரும் சுகம். அவர் வேலை மாறினதைச் சொன்னேன் இல்லையா, இப்போதெல்லாம் ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

சரி, உன் பெண் யாழினி விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு எழுத்தின் சத்தத்தையும் ஒட்டி இங்கிலீஷ் வாசிக்கப் பழக்குகிறார்களே, அந்த ஃபோனிக்ஸுக்கு அஞ்சு புரோகிராம் பெயரைச் சொல்லி எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். எதை வாங்கலாம் என்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீ இப்போது நிற்கிற இடத்தில்தான் நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் நின்றேன்.

கவினுக்கு நாலு வயதில் ஓர் ஆன்லைன் கிளாஸில் சேர்த்தோம். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினோம். பாட்டு, படம், முடிவில் சான்றிதழ் எல்லாம் உண்டு. அவன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்லுவான், தாத்தாவுக்கு வீடியோ எடுத்துக்கூட அனுப்பினோம். ஒரு ராத்திரி நாய் ஓடுகிற படம் இருந்த பக்கத்தில், எதற்கு என்று யோசிக்காமலேயே படத்தின் மேல் கையை வைத்து மூடிவிட்டு, இப்போது வாசி என்றேன். அவன் எழுத்தைப் பார்க்கவில்லை மாலா. என் முகத்தைப் பார்த்தான். அதில் ஏதாவது எழுதியிருக்குமா என்று தேடுகிற மாதிரி. அப்போதுதான் புரிந்தது, அத்தனை நாளும் படத்தைப் பார்த்து ஊகித்துத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு எழுத்துகூட அவனுக்குப் பேசவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அந்த கிளாஸின் பதிவு ஒன்றை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கிரிக்கெட் பேட் என்ற சொல்லை எழுத்துக்கூட்டிக் காட்டுகிறார்கள், "ப... ஏ... ட... பேட்". ப, ஏ, ட மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பார். "பஏட" என்றுதான் வரும். அதில் எங்கே பேட் இருக்கிறது? பிள்ளைக்கு அது சேரவில்லை என்றால் பிள்ளை மேல் தப்பில்லை, கொடுத்த சத்தமே தப்பு.

இங்கேதான் நமக்குத் தமிழ் கைகொடுக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் தங்கள் ஆசிரியர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறார்கள், எழுத்தின் சத்தத்தோடு கடைசியில் ஒரு "அ" ஒட்டாதீர்கள் என்று. அதைப் பிரித்துக் காட்ட அவர்கள் எழுத்தில் தனி அடையாளம் இல்லை. நமக்கு இருக்கிறது. ம வேறு, ம் வேறு. தொல்காப்பியம் காலத்திலிருந்தே மெய்க்குப் புள்ளி வைத்துப் பிரித்து வைத்திருக்கிறோம். ஃபோனிக்ஸுக்கு வேண்டியது புள்ளி வைத்த சத்தம். பேட் என்பது ப-ஏ-ட இல்லை, ப்-ஏ-ட். உதட்டை மூடி ம்ம்ம் என்று இழு, பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸ் என்று இழு, ப், ட், க் இவற்றை மட்டும் இழுக்க முடியாது, சட்டென்று தட்டிவிட்டு நிறுத்து. நீ வாங்கப் போகிற எந்த புரோகிராமாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு மாதிரிப் பாடம் கேட்டுப் பார். அந்தக் குரல் "ம" என்று சொல்கிறதா, "ம்" என்று சொல்கிறதா? "ம" என்று சொன்னால் மூடிவிடு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் வெறும் காதால் விளையாடு. தமிழிலேயே செய். நான் கவினை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கியபோது அப்படித்தான் செய்தேன். சாப்பாடு ஊட்டும்போது "ப்... ஆ... ல்... என்ன சொல்லு?" என்பேன். முதல் நாள் முழித்தான். மூன்றாம் நாள் "பால்!" என்று கத்தினான், வாயிலிருந்த சோறு வெளியே வந்தது. அப்புறம் மீன், கல், நாய், கண். எல்லாமே மூன்று சத்தம். பிறகு திருப்பிக் கேட்டேன், "பல் என்பதை உடைத்துச் சொல்லு", அவன் ப்-அ-ல் என்று விரல் விட்டு எண்ணினான். ஒட்டுவதும் உடைப்பதும்தான் வாசிப்பதும் எழுதுவதும், மற்றதெல்லாம் அதற்குமேல் வருவது. தமிழ்ப் பிள்ளைக்கு ம் + ஆ = மா என்று எப்படியும் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறோம், அதே வேலைதான் இங்கிலீஷிலும். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கற்றால் குழம்பிவிடும் என்று உன் மாமியார் பயப்படுகிறார்களே, அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லு. தமிழை நிறுத்திவிடாதே, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

இப்போது நீ கேட்ட பெயர்கள். அந்த அஞ்சில் மூன்று ஆப், அவற்றை நான் உபயோகித்ததில்லை. பிள்ளை திரையைத் தட்டுவதை வைத்து அவளுக்கு என்ன தெரியும் என்று உனக்குத் தெரியாது என்பது மட்டும் என் எண்ணம். மீதி இரண்டும் என் கையில் இருந்தவை.

ஜாலி ஃபோனிக்ஸ் இங்கிலாந்தில் ஓர் ஆசிரியையின் வகுப்பில் பிறந்து 1992-இல் புத்தகமானது, நம் ஊர் பள்ளிகளிலும் நிறைய நடக்கிறது. அதில் 42 சத்தங்கள், ஏழு தொகுதி. முதல் தொகுதியில் எஸ், ஏ, டி, ஐ, பி, என். ஏ பி சி டி வரிசையை ஏன் விட்டார்கள் என்றால் இந்த ஆறே எழுத்தில் சிட், பின், டிப், டின், நேப், ஸ்பின் என்று எத்தனையோ சொல் வந்துவிடும், பிள்ளை முதல் வாரங்களிலேயே வாசித்துவிடும். நம்மிடமும் ட, ப, ம என்று சுலபமான வடிவத்தில் தொடங்கி படம், மடம் என்று கொண்டுபோகிற ஆசிரியர்கள் உண்டே, அதே யோசனை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சைகை வேறு. எஸ்ஸுக்குக் கையைப் பாம்பாக நெளிக்க வேண்டும், ஏவுக்கு முழங்கையில் எறும்பு ஏறுகிற மாதிரி விரலை ஓட்ட வேண்டும், டேபிளில் வருகிற டிக்கு டென்னிஸ் பார்க்கிறவர்கள் மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். யாழினி ஒரு இடத்தில் உட்காரமாட்டாள் என்கிறாயே, அவளுக்கு இது ஒத்துவரும்.

இன்னொன்று டீச் யுவர் சைல்ட் டு ரீட் இன் 100 ஈஸி லெசன்ஸ், 1983-இல் அமெரிக்காவில் வந்தது. ஒரே புத்தகம், நூறு பாடம், நாளைக்கு இருபது நிமிடம். அம்மா என்ன பேச வேண்டும் என்பதுகூட சிவப்பு எழுத்தில் அச்சாகியிருக்கும், நீ யோசிக்கவே வேண்டாம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, சத்தங்களை நடுவில் நிறுத்தாமல் இழுத்து இழுத்துச் சொல்லவைத்து, பிறகு "வேகமாகச் சொல்" என்று கேட்பது. ஒட்டத் திணறுகிற பிள்ளைக்கு அது மருந்து மாதிரி. கவினுக்கு அந்த ஒரு உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆனால் புத்தகம் வறட்சியாக இருக்கும், ஆரம்பத்தில் எழுத்து வடிவமும் கொஞ்சம் மாற்றித்தான் அச்சிட்டிருப்பார்கள், அதைக் கண்டு மிரள வேண்டாம், போகப்போக சாதாரண எழுத்துக்கு வந்துவிடும். யாழினியைப் போன்ற துறுதுறுப்புக்கு இருபது நிமிடம் அதன் முன் உட்காருவது கஷ்டம். அதனால் என்னைக் கேட்டால் ஜாலி ஃபோனிக்ஸ் வரிசையை எடு, ஒட்டும்போது மட்டும் அந்த இழுத்துச் சொல்லும் முறையைச் சேர்த்துக்கொள்.

ஆனால் மாலா, எதை எடுத்தாலும் பாதி வேலை பயிற்சிப் புத்தகத்தில் இல்லை, அவள் வாசிக்கப்போகிற கதைப் புத்தகத்தில் இருக்கிறது. நான் செய்த இரண்டாவது தப்பு அது. ஆறு எழுத்து சொல்லிக்கொடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த அழகான கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அதில் பத்துக்கு எட்டு சொல் அவனுக்குத் தெரியாத எழுத்து, மறுபடியும் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவள் கற்ற எழுத்தை மட்டுமே வைத்து எழுதின புத்தகம் வேண்டும். டீகோடபிள் புக்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். பாப் புக்ஸ் என்று ஒரு வரிசை, முதல் புத்தகம் முழுக்கவே எம், ஏ, டி, எஸ் நாலே எழுத்துதான். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பிள்ளை முதன்முதலாக ஒரு முழுப் புத்தகத்தைத் தானே முடித்துவிட்டு அட்டையை மூடுகிற அழகைப் பார்த்தால் விலை பெரிதாகத் தெரியாது. அழகான கதைகளை நீ வாசித்துக் காட்டு, அதை நிறுத்தவே கூடாது, தமிழில் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் இலவசமாகவே நிறைய இருக்கிறது. அவள் வாசிப்பது வேறு, அவளுக்கு வாசித்துக் காட்டுவது வேறு.

நம் பிள்ளைகளுக்கென்று சில இடம் தடுக்கும், நான் பார்த்த புத்தகங்களில் இதைச் சொல்லவில்லை. நமக்கு ப ஒன்றுதான், பால் என்றும் பந்து என்றும் ஒரே எழுத்து. இங்கிலீஷில் பென்சிலில் வருகிற பி வேறு, பந்துக்கு அவர்கள் சொல்கிற சொல்லில் வருகிற பி வேறு. ஒரு சின்ன காகிதத்தை உதட்டுக்கு எதிரே பிடிக்கச் சொல்லு, பென்சில் பிக்குக் காகிதம் ஆடும், மற்றதற்கு ஆடாது. கவின் அரை நாள் அந்தக் காகிதத்தோடுதான் திரிந்தான். அப்புறம் பேனாவுக்கும் வாணலிக்கும் அவர்கள் சொல்கிற இரண்டு சொல், பென், பேன், நம் காதுக்கு ஒன்று மாதிரியே விழும். பேனுக்குத் தாடையை நன்றாகக் கீழே இறக்கி, வாயை அகட்டிச் சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று இரண்டு பேரும் செய்யுங்கள். இதற்கெல்லாம் நீ வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டிய அவசியமில்லை, வித்தியாசம் தெரிந்தால் போதும்.

அவள் நிஜமாகவே வாசிக்கிறாளா, மனப்பாடமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. லண்டனில் இருக்கும் என் அத்தை பெண் சொன்னாள், அங்கே 2012-இலிருந்து முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃபோனிக்ஸ் சோதனை வைக்கிறார்கள், 40 சொல், அதில் 20 அர்த்தமே இல்லாத சொல், பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் போட்டிருக்கும், அந்த ஜந்துவின் பெயராம். அர்த்தம் இல்லாத சொல்லை ஊகிக்க முடியாதே, எழுத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும். நான் சாக்பீஸில் திண்ணையில் எழுதிப் போடுவேன், கவின் வாசித்துவிட்டு அந்த ஜந்துவை வரைவான். வாரம் ஒருமுறை போதும், பரீட்சை மாதிரி ஆக்கிவிடாதே.

எழுத்துக்கும் சத்தத்துக்கும் ஒத்துவராத, ஒழுங்கில்லாத சொற்களைப் பற்றிக் கேட்டாய். செட் என்று வாசிக்கிற அந்த "சொன்னான்" சொல், வாஸ், தி, இவற்றையெல்லாம் நூறு அட்டை வாங்கி மனப்பாடம் செய்யவைக்காதே. செட்டில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாகத்தான் இருக்கின்றன, நடுவில் மட்டும்தான் ஏமாற்றுகிறது. அந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடு, மீதியை அவளே வாசிப்பாள். வாரம் இரண்டு சொல், அதற்குமேல் வேண்டாம்.

நேரம்? இரவில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் போதும். நீ ஆபீஸிலிருந்து வந்து களைத்திருப்பாய், அன்றைக்கு முடியவில்லை என்றால் விட்டுவிடு, அழவைத்துச் செய்யாதே. பெரிய எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சின்ன எழுத்துதான் புத்தகத்தில் வருவது, ஆனால் கடைப் பலகை எல்லாம் பெரிய எழுத்து, ஆகவே ரோட்டில் போகும்போது வாசிக்கவில்லையே என்று நீ கவலைப்படக்கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யூகேஜியிலேயே பத்திரிகை படிக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அவளுக்கு நாலரைதான் ஆகிறது.

எனக்கு நம்பிக்கை வந்த நாளைச் சொல்லவா? ஒருநாள் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் புடவை பின்னைத் தேடிக்கொண்டிருந்தேன், பின் எங்கேடா என்று நாலு தடவை கேட்டேன். சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்து சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டிருக்கிறான், பி, ஐ, என். கடைசி எழுத்து தலைகீழாக இருந்தது. நான் சொல்லிக்கொடுக்காத சொல், யாரும் கேட்கவும் இல்லை, காதில் விழுந்த மூன்று சத்தத்தை உடைத்து அவனாகவே எழுதியிருக்கிறான். அன்று அரை மணி தாமதமாகத்தான் ஆபீஸ் போனேன். சாயங்காலம் வரை அதன் மேல் யாரையும் மிதிக்கவிடவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் நாகர்கோவில் வருகிறான். கவின் முடித்த சின்னப் புத்தகங்களை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், நீ புதிதாக வாங்காதே. ஒன்றிரண்டில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறான், எனக்கு அழிக்க மனசு வரவில்லை, யாழினி வேண்டுமானால் அழிக்கட்டும். அதுவரைக்கும் பால், மீன், கல் விளையாட்டைத் தொடங்கிவிடு. எந்தச் சொல்லில் தடுக்குகிறாள் என்று கவனித்து எழுது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் செல்வி