மெய்ப்புத் திருத்தியவர் பெயருக்கும் ஒரு வரி கொடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மெய்ப்புத் திருத்துவதையே, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிரதியில் பிழை பார்ப்பதையே, முழுநேரத் தொழிலாகச் செய்துவருபவள் நான். சென்ற மாதம், நான் திருத்திய நாவல் ஒன்று இரண்டாம் பதிப்புக்குப் போனது. பிழை பார்த்தவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள் என்று அதன் ஆசிரியரே பதிப்பகத்தில் கேட்டிருக்கிறார். நூல் விவரப் பக்கத்தில் இடமில்லை என்று பதில் வந்ததாம்.

அந்தப் பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நூலின் அளவு டெமி, எழுத்தின் அளவு 11 புள்ளி, தாள் என்ன தாள், அட்டையை வடிவமைத்தவர், பக்கங்களை வடிவமைத்தவர், அச்சகம், விலை எல்லாம் அதில் இருக்கின்றன. எழுத்து எத்தனை புள்ளி என்று சொல்ல இடம் இருக்கிறது. அந்த எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்தவர் யார் என்று சொல்ல மட்டும் இடமில்லை என்றால், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய எழுத்துருவில் அடித்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றும்போது எது எங்கே உடையும் என்று எங்களுக்குத் தெரியும். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்பதைக் கண்டுபிடிப்பவர்கள் நாங்கள். ஆசிரியர் நினைவிலிருந்து எழுதிவிட்ட புறநானூற்று அடியை உ.வே.சா. பதிப்போடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறோம். இரண்டாம் அத்தியாயத்தில் இறந்த அத்தை ஒன்பதாம் அத்தியாயத்தில் பந்தி பரிமாற வந்தால், இரவோடு இரவாக ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்கிறோம். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை இலக்கணப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஓர் எழுத்தாளர் தெரிந்தே ஒற்றை விட்டிருக்கிறாரா, தெரியாமல் விட்டிருக்கிறாரா என்று பிரித்தறிய, பல பேருடைய எழுத்தைப் பல காலம் படித்திருக்க வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் தேர்ச்சி. எனக்கு அது உண்டு என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அதை நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் ஒன்றும் இல்லை. ஓர் ஆய்வு நிறுவனத்தில் பதிப்புப் பணிக்கு ஆள் எடுத்தார்கள். நேர்காணலுக்கு நான் திருத்திய நூல்களை ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். தேர்வுக் குழுவில் இருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதில் உங்கள் பெயர் எங்கேம்மா இருக்கிறது?' என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. எவருடைய நூலையும் யாரும் பையில் போட்டுக் கொண்டுபோகலாமே. அனுபவச் சான்று கேட்டு நான் வேலை செய்த பதிப்பகம் ஒன்றுக்குப் போனேன். அங்கே கணக்குப் புத்தகத்தில் என் பெயர் இல்லை, 'புரூஃப் செலவு' என்றுதான் இருந்தது. என்னைவிட மிகக் குறைந்த அனுபவம் உள்ளவருக்கு, கையில் பணிச்சான்று இருந்ததால், அந்த வேலை போனது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. இத்தனை காலம் கற்றது எங்கேயும் பதிவாகவில்லையே என்பதுதான் வருத்தம். இந்தத் தொழிலில் பெயர் ஒன்றுதான் சான்றிதழ். நீங்கள் அச்சிட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நான் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பைப் பாருங்கள். இன்னாரால் பரிசோதிக்கப்பட்டு, இன்னாரால் பதிப்பிக்கப்பட்டது என்று இருவரையும் சொல்லியிருப்பார்கள். 1868இல் சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தபோது, அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். பரிசோதித்தவர் பெயர் முகப்பில் இருப்பது அன்று நூலுக்கு மதிப்பு. வாங்குகிறவர் அதைப் பார்த்து வாங்கினார். நாவலரோடு நான் என்னை ஒப்பிடவில்லை. அந்த வழக்கம் நம்முடையது என்றுதான் சொல்கிறேன்.

சட்டத்தையும் பார்த்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பில் தன் பெயரைக் கோரும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. மொழிபெயர்ப்பாளரும் தம் மொழிபெயர்ப்புக்கு ஆசிரியர் என்பதால் அவருக்கும் அது உண்டு. மெய்ப்புத் திருத்துபவருக்கு இல்லை. ஆகவே வழக்குப் போட வழியில்லாத நாங்கள் உங்களிடம்தான் கேட்க முடியும்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பது பல ஆண்டுகளாக நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் டிசம்பர் கடைசியில், இரவு பதினொரு மணிக்கு, காலைக்குள் வேண்டும் என்று கோப்பு வருகிறது. ஒரு ஃபாரம் பதினாறு பக்கம், மூன்று முறை படித்தாலும் ஒரு முறைக்குத்தான் கூலி. நூலில் ஒரு பிழை கிடந்தால் விழா மேடையிலேயே 'புரூஃப் சரியில்லை' என்கிறீர்கள். பிழையில்லாமல் வந்தால் அது பதிப்பகத்தின் தரம். பிழைக்கு எங்களைப் பொறுப்பாக்கத் தெரிகிற உங்களுக்கு, நேர்த்திக்குப் பொறுப்பாக்க ஏன் மனம் வரவில்லை?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலர் ஏற்கெனவே மெய்ப்புத் திருத்தியவர் பெயரைப் போடுகிறீர்கள் என்பதை நான் அறிவேன். உங்களுக்கு என் நன்றி. மற்றவர்களைப் பணிவோடு கேட்கிறேன். கூலியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில், நூல் விவரப் பக்கத்தில் 'மெய்ப்பு' என்று ஒரு வரி சேர்த்து, அதைச் செய்தவர் பெயரைப் போடுங்கள். மறுபதிப்பிலும் அதை எடுக்காதீர்கள். பிரதியைச் செம்மையாக்கியவர் வேறொருவர் என்றால் அவர் பெயரும் வரட்டும். கேட்டு வருகிறவருக்கு, இன்னின்ன நூல்களில் பணிசெய்தார் என்று உங்கள் கடிதத்தாளில் கையெழுத்திட்டு ஒரு சான்று கொடுங்கள்.

வரும் புத்தகக் காட்சிக்கான நூல்கள் இப்போது உங்கள் கணினியில்தான் இருக்கின்றன. அச்சகத்துக்கு அனுப்பும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்