காயை வரிசையா வைக்கட்டும்

அன்புள்ள பெரியவனுக்கு,

நைனா எழுதுறேன். போன் பண்ணினா "சரி நைனா, அப்புறம் பேசுறேன்"னு வெச்சிடுற. அதான் கடுதாசி. உங்கம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்ல. தண்ணி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. வேற சேதி இல்ல.

உன் பிள்ளை சின்னவன் விஷயமா எழுதுறேன். நீயும் மருமகளும் தெரபிக்கு விடாம இட்டுனு போறீங்க, எனக்குத் தெரியும். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் அலைஞ்சு வாங்கிட்டீங்க. 2016 சட்டத்துல சொன்ன 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு, அதுல வெட்கப்பட எதுவும் இல்ல. ஆனா தெரபி வாரத்துல ரெண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வீட்டுலதான் இருக்கான். அங்க அவன்கூட யார் விளையாடுறது? நான் கொடுத்த கேரம் போர்டு பரணுக்குப் போயிருக்கும்னு நினைக்கிறேன். இறக்கு.

ஸ்டாண்டு மேல வைக்காத, தரையில போடு. அடியில ஜமுக்காளத்தை நாலா மடிச்சு விரி. வெறுந்தரையில போட்டா பிளைவுட்டு டமடமன்னு அதிரும், அவன் காதைப் பொத்திக்கிட்டு எழுந்து போயிடுவான். அது கோபம் இல்ல, சத்தம் அவனுக்கு வலிக்குது. போர்டு மேல தூவுற போரிக் பவுடர் டப்பாவை வீட்டுலயே வைக்காத. விரலை வாயில வைக்கிற பிள்ளை, அது வயித்துக்குள்ள போனா விஷம். சோளமாவு ஒரு சிட்டிகை போதும், ஆடி முடிச்சதும் துடைச்சிடு, எறும்பு வரும். காயையும் கண்ணுல வெச்சுக்க. விட்டம் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலதான், தொண்டையில சிக்குற அளவு. இன்னும் வாயில போடுறான்னா காயை எடுத்து வெச்சிட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி மாதிரி பெருசா ஏதாவது கொடு. பர்மா பஜார்ல விக்கிற, பாட்டுப் பாடுற பொம்மை இருக்குதே, அதுல பட்டன் பேட்டரி இருக்கும். மூடிக்கு ஸ்க்ரூ இல்லாதது வேணவே வேணாம். முழுங்கினா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாயை அரிச்சிடும்.

இனிமே ஆட்டம். முதல் வாரம் ஆட்டமே இல்லன்னு வெச்சுக்க. 19 காயையும் அவன்கிட்ட கொடுத்துட்டு எதிர்ல குந்து. பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா உன் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காத. அவன் கறுப்பு ஒன்பதையும் வரிசையா வெச்சா நீ வெள்ளையை எடுத்து பக்கத்துல ஒரு வரிசை வை. சுத்தி விட்டா நீயும் சுத்தி விடு. அவன் வரிசையைத் தொடாத. அவன் உன் வரிசையை ஒருவாட்டி திரும்பிப் பார்த்தான்னா அன்னிக்கு அதுவே போதும்.

அப்புறம் காயைப் பாதிக்குப் பாதி உன் கையில வெச்சுக்க. அவன் வரிசை பாதியில நிக்கும்போது உன்கிட்ட வந்துதான் ஆகணும். கையை நீட்டுவான், இல்ல உன் கையை இழுப்பான். உடனே கொடுத்துடாத, மனசுக்குள்ள பத்து எண்ணு. பார்த்தாலும் ஒரு சத்தம் போட்டாலும் அந்த நொடியே கொடு, "காய்"னு ஒரே வார்த்தை சொல்லிக் கொடு. பத்து எண்ணியும் எதுவும் இல்லையா, அப்பவும் கொடுத்துடு. அழ விட்டுப் பறிக்கிறது விளையாட்டு இல்ல. "இது என்ன கலர்? எத்தனை காய்?"னு கேக்காத, அது பரீட்சை. அவன் ஒரு வார்த்தை பேசினா நீ ரெண்டு பேசு. அதுக்கு மேல வேணாம்.

ஸ்டிரைக்கர் அதுக்கும் அப்புறம். சுண்டுறது பெரியவங்களுக்கே லேசு இல்ல. ஒரு விரலை மட்டும் பிரிச்சு, மடக்கி, விடணும். அவனுக்கு முதல்ல உள்ளங்கையால தள்ளுறது, பிறகு ஆள்காட்டி விரலால தள்ளுறது, அது பழகினாத்தான் சுண்டுறது. போர்டு உள்ளளவு 74 சென்டிமீட்டர், அஞ்சு வயசுக் கை எட்டாது. மூலையில உக்கார வை. நாலே காய், ஒரே குழி. மிச்ச மூணு குழியில துணியைத் திணிச்சு மூடு. காயைக் குழிகிட்டயே வை, தள்ளினா விழணும். விழாத ஆட்டத்தை யாரு ஆடுவா?

"உன் வாட்டி, என் வாட்டி"ங்கறதுக்கு ஸ்டிரைக்கர்தான் அடையாளம். அது யார் கையில இருக்கோ அவங்க வாட்டி. உன் வாட்டி மூணு நொடிக்கு மேல இழுக்கக் கூடாது. நீ குறி பார்த்துக்கிட்டு இருந்தா அவன் போயிடுவான். அவன் சலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்து, அஞ்சாறு நிமிஷம் போதும். காயை ஒண்ணொண்ணா டப்பாவுல போட்டு "முடிஞ்சது"ன்னு மூடு. திடீர்னு எடுத்து வெச்சா அலறுவான், பின்ன?

போர்டு இல்லாத நாளைக்கு நண்டூருது நரியூருது இருக்கு. உனக்குக் கம்முகூடு வரைக்கும் கிச்சுகிச்சு மூட்டினது ஞாபகம் இருக்கும். அவனுக்கு லேசாத் தொட்டா கூசும், பிடிக்காது. கட்டை விரலால அழுத்தி உள்ளங்கையிலேருந்து ஏறு. முழங்கை தாண்டினதும் நிறுத்திட்டு மூஞ்சியைப் பாரு. பத்து எண்ணு. அவன் பார்த்தான்னா மேல ஏறு. தினம் ஒரே மாதிரி, ஒரே வார்த்தை, மாத்தாத. அடுத்தது என்னன்னு தெரிஞ்சாத்தான் அவனுக்குச் சந்தோஷம். அவன் அக்கா பெரியவளுக்கும் தனியா ஒரு கால் மணி நேரம் கொடு. அந்தப் பொண்ணு வாய் விட்டுக் கேக்காதுங்கறதுக்காக விட்டுடாத. திரும்பச் சொல்றேன், அவன் வரிசையைத் தொடாத.

இதையெல்லாம் நான் யாருக்குச் சொல்றேன்? தொட்டது நான்தான்.

பொங்கலுக்கு வந்தப்ப அவன் பதினெட்டு காயை அழகா வெச்சிருந்தான். ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒண்ணுகூட மாறல. உன் சித்தப்பா, அத்தை, எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "கேரம் இப்படியா ஆடுறது"ன்னு புறங்கையால ஒரே தள்ளு தள்ளிட்டேன். அவன் மணிக்கட்டைக் கடிச்சுக்கிட்டதை நான் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை பேசாம அவனைத் தூக்கிக்கிட்டுப் போன. நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் ஜெயிச்சுது. அன்னிலேருந்து எனக்கு மனசுல ஒரு கிறுக்கு, என் பேரனையும் போர்டுல உக்கார வைக்கணும்னு. அவன் உக்காந்துதான் இருந்தான். நாலு பேர் முன்னாடி எனக்குத்தான் வெட்கமாப் போச்சு.

உங்கம்மா ரெண்டு மாசம் என்கூட முகம் கொடுத்துப் பேசல. அப்புறம்தான் பயிற்சி கொடுக்கிற மேடத்துகிட்ட போய்க் கேட்டு மேல இருக்கறதெல்லாம் நோட்டுல எழுதினேன். இங்க நம்ம ஹால்ல சோக்கு உய்யினு சத்தம் போட்டுக்கிட்டு இருந்த ட்யூப்லைட்டை மாத்தி எல்இடி போட்டுட்டேன். ஆடி மாசம் ஞாயித்துக்கிழமை தெருவுல கூழ் ஊத்துவாங்க, மேளமும் ஸ்பீக்கரும் தாங்காது, அப்ப அவனை இட்டுனு வர வேணாம். சாதாரண வாரநாள்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல தெரு அமைதியா இருக்கு. சாவு மேளம் வந்தா மட்டும் சொல்ல முடியாது, பின்ரூம் ஜன்னலை அடைச்சுக்கலாம். நீங்க வரப் போறதா சொந்தக்காரங்க யாருக்கும் சொல்லல.

உங்கம்மா கேக்கச் சொன்னா: தயிர் சோறு இன்னும் வெள்ளையா, தாளிக்காமத்தான் சாப்பிடுறானா? உருளைக்கிழங்கு சோத்துல படாம வேற கிண்ணத்துல வைக்கணுமா? அவனுக்குப் பழகின தட்டு எதுன்னு எழுது, இல்ல அதையே கையோட எடுத்துனு வா.

நைனா